நிரூபிக்க வேண்டியது யார்?



புரட்டாசியில் மணலி புதுநகர் அய்யா வைகுண்ட தர்மபதித் திருவிழா வந்தால் நமக்கு வரும் கடிதங்களும் சூடாகிவிடும். “கடவுள் இருக்கிறார் என்று நிரூபி” என்று ஒருவர், “இல்லை என்று நீ நிரூபி” என்று இன்னொருவர். இரண்டு பேரும் நம் சந்தாதாரர்கள், யாரைக் கோபித்துக்கொள்வது?

பந்தை மாற்றி மாற்றி உதைக்காமல் வேலையை ஒழுங்காகச் செய்தவர் ஆபிரகாம் கோவூர். கேரளத்தில் பிறந்து, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் தாவரவியல் கற்பித்த பகுத்தறிவாளர். 1963ல் ஒரு லட்சம் ரூபாய் பந்தயம் வைத்தார். கடவுளை நிரூபிக்கச் சொல்லவில்லை, அது முடிவில்லாத வழக்கு என்று தெரிந்தவர். தெய்வ சக்தி தங்களிடம் உண்டு என்று சொன்னவர்களை மட்டுமே அழைத்தார். ஒட்டிய உறைக்குள் இருக்கும் ரூபாய் நோட்டின் எண்ணைச் சொல்லுங்கள். எரியும் தணலில் அரை நிமிடம் கொப்புளம் வராமல் நில்லுங்கள். 1978ல் அவர் இறக்கும்வரை அந்தப் பணத்தை யாரும் வாங்கவில்லை.

நிரூபிக்க வேண்டியது யார் என்ற வழக்கு நம் மணலிக்காரர்களுக்குப் புதிதல்ல. ராத்திரியில் கேஸ் வாடை அடித்தால், எந்தக் கம்பெனி என்று மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்பவனே நிரூபிக்க வேண்டும் என்பார்கள். பாலாற்றைக் கெடுத்த தோல் பதனிடும் ஆலைகள் மீது வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996ல் உச்ச நீதிமன்றம் இதைத் திருப்பிப் போட்டது. தன் தொழிலால் கேடு இல்லை என்று தொழில் நடத்துபவரே காட்ட வேண்டும் என்றது.

என் தீர்ப்பும் அந்த வழியில்தான். அய்யா வைகுண்டரைப் பின்பற்றும் அய்யாவழியினரின் பதியில் சிலை கிடையாது, கண்ணாடிதான். நெற்றியில் நாமமிட்டு, தலைப்பாகை கட்டி, அதன் முன் நிற்பவர் நம்மிடம் எதையும் கேட்கவில்லை. அவரிடம் போய் ஆதாரம் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம். ஆனால் “மாத்திரையை நிறுத்து, பரிகாரத்துக்கு இருபதாயிரம் கொடு” என்று வீட்டுக்குள் வருகிறவர் முதலில் நிரூபிக்கட்டும், பிறகு பேசலாம். “இல்லவே இல்லை” என்று அடித்துச் சொல்லும் நண்பர்களும் ஒன்றைச் சொல்லத்தான் செய்கிறார்கள். காரணம் கேட்டால் முகம் சுளிக்கக் கூடாது.

மறுப்பு இருந்தால் ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதி அனுப்புங்கள். திட்டுக் கடிதங்களையும் போடுவோம், காரணம் சொல்லித் திட்டியிருந்தால்.

அன்புடன்,
ஆசிரியர்