சாயத்தை எடுத்துச் செய்யும் சித்திரம்

சாயமேறிய துணியில் புதுவண்ணம் பூசாமல், இருக்கும் வண்ணத்தையே வேதிப்பொருளால் நீக்கி உருவம் கொண்டுவரும் முறையைச் சாயத்தொழிலில் ‘டிஸ்சார்ஜ்’ அச்சு என்பர். பழைய பருத்திச் சட்டையின் மீது ஸ்டென்சில், அதாவது உருவம் வெட்டியெடுத்த அட்டை, ஒன்றை வைத்து, நீர் கலந்த ப்ளீச்சைப் பஞ்சால் ஒற்றும் இன்றைய கைவேலையும் இவ்வகையே. இதற்கு முன்னோடி ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரச் சாயப்பட்டறைகளில் இருக்கிறது.

மதுரைச் சுங்குடியைப் போலத் துணியை முடிச்சிட்டுச் சாயத்தில் தோய்த்து வெண்புள்ளி வரவழைத்த இந்தியப் பட்டுக் கைக்குட்டைகளுக்கு ஐரோப்பாவில் மதிப்பிருந்தது. அவற்றைப் பருத்தியில் மலிவாகச் செய்ய முனைந்த கிளாஸ்கோவின் ஹென்றி மான்டீத் ஆலை, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முடிச்சையே கைவிட்டது. ‘துருக்கிச் சிவப்பு’ எனப்பட்ட கெட்டிச்சாயம் ஏற்றிய 14 துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒரே உருவம் வெட்டிய இரு ஈயத்தகடுகளுக்கு நடுவே வைத்து, நீரழுத்த இயந்திரத்தால் இறுக்கி, மேல்தகட்டின் துளைகள் வழியே குளோரின் கலந்த வெளுப்புநீரை ஊற்றினர். தகடு இறுகிய இடத்தில் நீர் பக்கவாட்டில் கசிய வழியில்லாததால், துளைக்கு நேர்கீழே மட்டும் சிவப்பு அழிந்து வெள்ளை தெளிந்தது. பஞ்சைப் பிழியாமல் ஒற்றுவோரின் சட்டையில் உருவத்தின் ஓரம் கலங்கிப்போவதும் இந்த இறுக்கம் இல்லாத குறையாலேயே.

பிரான்சின் மூலூஸ் நகரத்து டேனியல் கோக்லின் வேறு வழி கண்டார்: புளியிலும் உள்ள டார்டாரிக் அமிலத்தைச் சிவப்புத் துணியில் அச்சிட்டு, ப்ளீச்சிங் பவுடர் கரைசலில் அமிழ்த்த, அமிலம் பட்ட இடத்தில் மட்டும் குளோரின் வெளிப்பட்டு நிறத்தைத் தின்றது. ஆலைக்கு உதவிய இதே வேதிவினைதான் வீட்டில் ஆபத்து. ப்ளீச்சின் வேகத்தை அடக்க வினிகர் ஊற்றலாம் என்று சிலர் கூறுவது பெரும்பிழை. அது நுரையீரலைத் தாக்கும் குளோரின் வாயுவையே கிளப்பும். நிறம் வேண்டிய அளவு வெளுத்ததும் தண்ணீரில் நன்கு அலசி, 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் நனைத்தெடுப்பதே முறை. தாமதித்தால் சாயத்தோடு நூலும் இற்றுப்போகும்.

கறுப்புச் சட்டை பெரும்பாலும் வெள்ளையாகாமல் செம்பழுப்பாகவோ ஆரஞ்சாகவோ நிற்பதற்குக் காரணம், அக்கறுப்பு பல சாயங்களின் கலவையாயிருந்து, அவை யாவும் ஒரே வேகத்தில் அழியாமையே. பாலியஸ்டரில் பெரிதாக ஒன்றும் நிகழாது; பட்டும் கம்பளியும் கரைந்தே போகும். ஆதலால் உள்மடிப்பில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்த பின்னரே அட்டையை வெட்டத் தொடங்குவது நன்று.