குவாண்டம் ஆராய்ச்சி நிதியில் நம் பங்கு எங்கே?

1907 ஜூன் 19 அன்று சென்னை ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' என்ற வார இதழ் வெளிவந்தது. நடத்தியவர் பண்டிதர் அயோத்திதாசர். கூலி வேலை செய்கிறவரும் வாங்கிப் படிக்க வேண்டும் என்பதால் விலை ஒரு பைசா. மதம், அரசியல், வரலாறு மட்டுமா அதில் வந்தது? கல்வி, கைத்தொழில், வேளாண்மை, மருத்துவம் எல்லாம் வந்தன. நாட்டில் புதிதாக எந்த அறிவு வந்தாலும் அது நம் மக்களுக்கும் உரியது என்பதே பண்டிதரின் நிலை.

அதே ராயப்பேட்டையிலிருந்து இந்தப் பத்தியை எழுதுகிறோம். இம்முறை எடுத்துக்கொண்ட பொருள், வாசகர்கள் சிலருக்கு 'இது நமக்கு எதற்கு?' என்று தோன்றலாம். குவாண்டம் உணரிகள், குவாண்டம் படமெடுப்பு ஆகியவற்றில் பல நிறுவனங்கள் கூட்டாகச் செய்யும் ஆராய்ச்சிக்கு அரசு கொடுக்கும் நிதிதான் அந்தப் பொருள்.

கேள்வியை எழுப்பியவர் ஒரு மாணவி. திண்டிவனம் பக்கத்துக் காலனியிலிருந்து வந்து எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறார். அவர் குடும்பத்தில் முதல் பட்டதாரி. எங்கள் வாசிப்பு வட்டத்துக்கு வந்தபோது சொன்னார்: "குவாண்டம் மெக்கானிக்ஸ் பேப்பரில் எண்பத்தேழு மார்க், தோழர். ஆனால் லேப்பில் ஒரே ஒரு லேசர். நாங்கள் இருபது பேர். என் முறை வருவதற்குள் மணி அடித்துவிடும். ரெக்கார்டு நோட்டில் பக்கத்துப் பையன் எடுத்த ரீடிங்கைத்தான் எழுதியிருக்கிறேன். பேப்பரில் ஆயிரம் கோடி ஆயிரம் கோடி என்று போடுகிறார்களே, அது எங்கே போகிறது?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடியதன் விளைவே இந்தப் பத்தி.

முதலில், இந்தக் கருவி என்ன செய்கிறது என்று பார்ப்போம். அணு, எலக்ட்ரான் போன்ற மிகச் சிறிய பொருள்கள் சுற்றுப்புறத்தின் மிக நுண்ணிய மாற்றத்துக்கும் அசைந்து கொடுக்கும். காந்தப்புலம், ஈர்ப்பு விசை, வெப்பம் எது சற்று மாறினாலும் அவற்றின் நிலை மாறும். அந்த மாற்றத்தை அளப்பதுதான் குவாண்டம் உணரி.

வைரத்தை எடுத்துக்கொள்வோம். வைரம் கார்பன் அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்ட கல். அந்த அடுக்கில் ஒரு கார்பன் இருக்க வேண்டிய இடத்தில் நைட்ரஜன் அணுவும், அதற்கு அடுத்த இடத்தில் வெறுமையும் இருந்தால், அந்தக் குறையே உணரியாக வேலை செய்யும். பச்சை லேசர் ஒளி பட்டால் அது சிவப்பு ஒளியை வீசும். மைக்ரோவேவ் அலையையும் செலுத்திப் பார்த்தால், பக்கத்தில் உள்ள காந்தப்புலத்துக்கு ஏற்ப அந்தச் சிவப்பு கூடும், குறையும். சாதாரண அறை வெப்பத்திலேயே இது வேலை செய்யும். சிப்புக்குள் மின்சாரம் எந்தப் பாதையில் ஓடுகிறது, நரம்புச் செல் எப்படித் துடிக்கிறது என்பதையெல்லாம் இப்படிப் படமாக்க முயல்கிறார்கள். மும்பை ஐ.ஐ.டி.யில் இந்த ஆராய்ச்சி நடக்கிறது. சிப்பைப் படமெடுக்கும் இத்தகைய கருவியை உருவாக்க 2024இல் டி.சி.எஸ். நிறுவனம் அதனுடன் கைகோத்தது.

அடுத்து, நிதி. ஒன்றிய அமைச்சரவை 2023 ஏப்ரல் 19 அன்று தேசிய குவாண்டம் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. 2023–24 முதல் 2030–31 வரை எட்டு ஆண்டுகளுக்கு 6,003.65 கோடி ரூபாய். 2024 செப்டம்பரில் நான்கு மையங்கள் அறிவிக்கப்பட்டன. கணினிக்கு பெங்களூரு இந்திய அறிவியல் கழகம், தகவல் தொடர்புக்கு சென்னை ஐ.ஐ.டி., உணரிகளுக்கும் அளவையியலுக்கும் மும்பை ஐ.ஐ.டி., பொருள்களுக்கும் சாதனங்களுக்கும் டெல்லி ஐ.ஐ.டி. 17 மாநிலங்கள், 2 ஒன்றியப் பிரதேசங்கள், 43 நிறுவனங்கள், 152 ஆய்வாளர்கள். கூட்டு ஆராய்ச்சி என்று இதற்குப் பெயர்.

கூட்டு என்றால் யார் யார் கூடுவது?

பட்டியல் சாதியினருக்கு மக்கள்தொகை விகிதத்தில் திட்ட நிதியை ஒதுக்க வேண்டும் என்ற கொள்கை இந்த நாட்டில் 1979–80இலேயே சிறப்புக் கூறுத் திட்டமாக வந்துவிட்டது. 2011 கணக்கெடுப்பின்படி நாட்டில் பட்டியல் சாதியினர் 16.6 விழுக்காடு, தமிழ்நாட்டில் 20 விழுக்காடு. ஒதுக்கீட்டு விகிதம் துறைக்குத் துறை வேறுபடுகிறது என்பது உண்மை. ஆனாலும் மக்கள்தொகைக் கணக்கை அப்படியே போட்டுப் பாருங்கள். 6,003.65 கோடியில் 16.6 விழுக்காடு ஏறத்தாழ ஆயிரம் கோடி. திண்டிவனம் மாணவி கேட்ட அதே ஆயிரம் கோடி.

நடப்பு என்ன? 'நேச்சர்' அறிவியல் இதழ் 2023 ஜனவரியில், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே பெற்ற விவரங்களைக் கொண்டு ஒரு கட்டுரை வெளியிட்டது. முன்னணி ஐ.ஐ.டி.களிலும் இந்திய அறிவியல் கழகத்திலும் பேராசிரியர் நிலையில் தலித், ஆதிவாசி மக்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. 2016 முதல் 2020 வரை 'இன்ஸ்பயர்' ஆசிரியர் நல்கை பெற்றவர்களில் நூற்றுக்கு 80 பேர் முன்னேறிய சாதியினர். பட்டியல் சாதியினர் 6 பேர். பழங்குடியினர் ஒருவருக்கும் குறைவு. இளம் அறிவியலாளர் ஒருவர் சொந்தமாக ஆய்வுக்குழு தொடங்கக் கிடைக்கும் முதல் பணம் இந்த நல்கை. அடித்தளத்திலேயே நம் ஆட்கள் இல்லாதபோது, 152 பேர் பட்டியலில் எத்தனை பேர் இருக்க முடியும்?

சட்டமும் சில வாசல்களைப் பூட்டி வைத்திருக்கிறது. ஒன்றியக் கல்வி நிறுவனங்களில் ஆசிரியர் பணி இடஒதுக்கீட்டுக்காக 2019இல் ஒரு சட்டம் வந்தது. அதன் அட்டவணையிலேயே சில நிறுவனங்களுக்கு விலக்கு. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் அதில் இருக்கிறது. நம் சென்னைத் தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனமும் இருக்கிறது. உயர்ந்த ஆராய்ச்சி நடக்கும் இடம் என்றால் இடஒதுக்கீடு கூடாது என்பது எந்த நியாயம்?

'ஆராய்ச்சி நிதி திறமைக்குக் கொடுப்பது, சாதிக்குக் கொடுப்பதல்ல' என்று சிலர் சொல்வார்கள். நாமும் திறமையைத்தான் கேட்கிறோம். ஆனால் லேசரைத் தொடாதவருக்கு லேசரில் திறமை எங்கிருந்து வரும்? வசதி கொடுத்த பிறகுதான் திறமையை அளக்க முடியும். 1913இல் பரோடா மன்னர் மாதம் பதினொன்றரை பவுன் உதவித்தொகை கொடுத்துத்தான் அண்ணல் அம்பேத்கர் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். அந்தப் பணம் இல்லாதிருந்தால் அவரது திறமையை உலகம் எப்படி அறிந்திருக்கும்? அதைச் சலுகை என்று இன்று யாராவது சொல்வார்களா?

இன்னொன்று, எதை ஆராய்வது என்பது. கூட்டில் யார் உட்கார்ந்திருக்கிறார்களோ, அவர்கள் வாழ்க்கையிலிருந்துதான் கேள்வி பிறக்கும்.

பிரிட்டனில் 2014 முதல் தேசிய குவாண்டம் திட்டம் நடக்கிறது. அதில் நிதி பெற்ற பர்மிங்காம் பல்கலைக்கழகக் குழு 2022இல் ஒரு கருவியைச் சோதித்துக் காட்டியது. லேசரால் குளிர்விக்கப்பட்ட அணுக்களைக் கீழே விழவிட்டு, ஈர்ப்பு விசையில் உள்ள மிகச் சிறிய வேறுபாட்டை அது அளக்கும். மண்ணுக்கடியில் வெற்றிடம் இருந்தால் அங்கே ஈர்ப்பு சற்றுக் குறையும். அதை வைத்து, சாலையைத் தோண்டாமலே அடியில் இருந்த சுரங்கப்பாதையைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஆய்வகத்துக்கு வெளியே, திறந்த வெளியில் செய்த சோதனை இது.

பூமிக்கு அடியில் இருப்பதை மேலிருந்தே பார்க்கும் காலம் வந்துவிட்டது. நம் ஊரில் இன்னும் மனிதனை இறக்கித்தான் பார்க்கிறார்கள். கையால் மலம் அள்ளும் தொழிலைத் தடைசெய்யும் சட்டம் 2013இல் வந்தது. மலக்குழியில் இறப்பவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் தீர்ப்பளித்தது. ஆனாலும் சாவு நிற்கவில்லை. தூய்மைப் பணியாளர்களுக்கான தேசிய ஆணையம் 1993 முதல் தொகுத்த கணக்கில் இத்தகைய மரணங்கள் அதிகம் பதிவான மாநிலம் தமிழ்நாடு. இறந்தவர்கள் எந்தத் தெருக்காரர்கள் என்று வாசகர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

மலக்குழி மரணத்தைத் தடுக்கக் குவாண்டம் கருவி வரும்வரை காத்திருக்கச் சொல்லவில்லை. இன்றைக்கு இருக்கிற சட்டமும் இயந்திரமும் போதும். அவற்றை நடைமுறைப்படுத்தும் மனம்தான் வேண்டும். நாம் சொல்வது வேறு. சாலைக்கடியில் உடைந்த குழாய் எங்கே, அடைப்பு எங்கே, விஷவாயு எவ்வளவு என்பதைத் தன் வீட்டுச் சாவிலிருந்து அறிந்த ஒருவர் ஆராய்ச்சிக் குழுவில் இருந்தால், அந்தக் குழுவின் முதல் கேள்வியே வேறாக இருக்கும். இது கற்பனை இல்லை. சென்னை ஐ.ஐ.டி.யில் கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்ய 'ஹோமோசெப்' என்ற ரோபோவை உருவாக்கினார்கள். அந்தப் பணியில் சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் இயக்கமும் இணைந்து நின்றது. ஆய்வகமும் பாதிக்கப்பட்ட மக்களும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அது ஒரு சான்று. கூட்டு ஆராய்ச்சி என்றால் அப்படி இருக்க வேண்டும்.

எனவே நாம் கேட்பவை இவை.

ஒன்று: தேசிய குவாண்டம் திட்டத்தின் ஒவ்வொரு மையமும் தன் ஆய்வாளர், ஆராய்ச்சி மாணவர், நல்கை பெறுவோர் ஆகியோரின் சமூகப் பிரிவுவாரிக் கணக்கை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். கணக்கு இல்லாத இடத்தில் பங்கு கேட்க முடியாது.

இரண்டு: கூட்டுத் திட்டங்களில் அரசு கலை அறிவியல் கல்லூரிகளும் இடம்பெற வேண்டும். அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை 2024இல் 'பேர்' என்ற கூட்டு நிதித் திட்டத்தைக் கொண்டுவந்தது. முன்னணி நிறுவனம் ஒன்று மையமாக இருந்து மற்றவற்றைக் கைதூக்கிவிடும் ஏற்பாடு அது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் முதற்கட்டத்தில் பல்கலைக்கழகங்களுக்கும் தேர்ந்தெடுத்த தொழில்நுட்ப நிறுவனங்களுக்குமே இடம். நம் பிள்ளைகள் பெரும்பாலும் படிப்பது அரசுக் கல்லூரியில். கை அங்கே நீள வேண்டும்.

மூன்று: பட்டியல் சாதி மாணவர்களுக்கான தேசிய ஆராய்ச்சி உதவித்தொகையில் ஆண்டுக்கு 2,000 இடங்கள். அதில் அறிவியலுக்கு 500 மட்டுமே. இது உயர வேண்டும். குவாண்டம் போன்ற புதிய துறைகளுக்குத் தனி ஒதுக்கீடும் வேண்டும்.

நான்கு: தமிழ்நாடு அரசு 2024இல் ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டச் சட்டத்தை நிறைவேற்றியிருக்கிறது. அந்த நிதியிலிருந்து மாவட்டத்துக்கு ஓர் அரசுக் கல்லூரியிலாவது நல்ல ஒளியியல் ஆய்வகம் அமைக்கலாம். இருபது பேருக்கு ஒரு லேசர் என்ற நிலை மாற ஆயிரம் கோடி தேவைப்படாது.

மாணவர்களுக்கும் ஒரு சொல். உரிமையைக் கேட்டுக்கொண்டே, இருக்கிற வழிகளையும் விடாதீர்கள். இளநிலை இயற்பியல் படிப்பவர்கள் ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர 'ஜாம்' தேர்வு எழுதலாம். அதில் பட்டியல் சாதியினருக்கு 15 விழுக்காடு இடஒதுக்கீடு உண்டு, கட்டணமும் குறைவு. அறிவியல் அகாடமிகள் கோடை விடுமுறையில் இரண்டு மாத ஆராய்ச்சிப் பயிற்சி தருகின்றன. நெட் தேர்வில் தேறினால் ஆராய்ச்சிக்கு மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை பெறும் வழி இருக்கிறது. இவற்றை நம் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்ல ஆளில்லை. படித்தவர்கள் காலனிக்குப் போய்ச் சொல்ல வேண்டும். பெற்றோரும், 'பிஸிக்ஸ் படித்து என்ன பண்ணப் போறே?' என்று கேட்பதை நிறுத்த வேண்டும்.

கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் 2023 டிசம்பரில் அயோத்திதாசப் பண்டிதருக்கு மணிமண்டபம் திறக்கப்பட்டது. அதே சர்தார் பட்டேல் சாலையில்தான் ஐ.ஐ.டி.யின் வாசல். மணிமண்டபத்தில் மாலை போட நம்மை அழைக்கிறார்கள், போகிறோம். அதே சாலையில் சற்று நடந்தால் வரும் அந்த வாசலுக்குள் ஆராய்ச்சி செய்யவும் நம் பிள்ளைகளை அழைக்க வேண்டும். திண்டிவனம் மாணவி தன் ரெக்கார்டு நோட்டில் தானே எடுத்த ரீடிங்கை எழுதும் நாளில்தான் பண்டிதருக்குப் போட்ட மாலைக்குப் பொருள் உண்டு.