ஆவடியிலிருந்து எந்தத் தீவுக்கு?

ஆவடியின் மத்திய அரசுக் குடியிருப்புகளில் எல்.டி.சி. எனும் விடுப்புப் பயணச் சலுகை பற்றிப் பேச்செடுத்தால் அந்தமான் வந்துவிடும். சொந்த ஊர்ப் பயணத்தை அந்தமானுக்கு மாற்றிக்கொள்ளும் சலுகை இருக்கிறதே. மாலத்தீவுக்கு அது செல்லாது. அந்தமானில் ஹேவ்லாக்கா, நீலா? பெரியவர்களும் குழந்தைகளும் சேர்ந்து போனால் நீல் தீவுதான் என்பேன். சின்னத் தீவு, ஆட்டோவில் கொஞ்ச நேரத்தில் அடுத்த கடற்கரை. ஹேவ்லாக்கின் ராதாநகர் போன்ற நீண்ட மணல்வெளி அங்கில்லையே என்பார்கள். உண்மைதான், நீர் வற்றினால் பவளப்பாறை காலைக் கிழிக்கும், குளிக்கவும் முடியாது. ஆனால் அதே வற்றத்தில்தான் லட்சுமண்பூரின் இயற்கைப் பாலத்துக்கு நடந்து போகலாம். பாறைக் குழிகளில் தேங்கிய முழங்கால் நீரில் நண்டும், குட்டி மீன்களும், கருத்துக் கிடக்கும் கடல் அட்டையும் குனிந்தாலே தெரியும். எந்த ரிசார்ட்டும் குழந்தைக்கு இதைக் காட்டாது. ஆகவே அறைக்கு முன்பணம் கட்டுமுன் கடல்நீர் ஏறும், வற்றும் நேர அட்டவணையைப் பாருங்கள். மே பிற்பகுதியில் தென்மேற்குப் பருவமழை படகுகளை நிறுத்திவிடக்கூடும் என்பதால் ஏப்ரலிலேயே கிளம்புங்கள்.