பழைய வீணை வெடிப்பது ஏன்?

திண்டுக்கல் பக்கம் சித்திரை வெயிலில் மரக்கதவு சுருங்கி இடைவெளி விடும். ஐப்பசி அடைமழையில் அதே கதவு ஊதிப்போய், மூட மறுக்கும். இது எல்லா வீட்டிலும் தெரிந்த சங்கதி. பாட்டி காலத்து வீணைக்கும் இதே கதிதான்!

வீணை செய்வது பலா மரத்தில். மரத்தை வெட்டி எத்தனை வருஷம் ஆனாலும் அது காற்றின் ஈரத்தைக் குடிக்கும். காற்று வறண்டால் கக்கும். நீளவாக்கில் மாற்றம் மிகக் குறைவு. அகலவாக்கில்தான் உப்பும், சுருங்கும். குடத்தை மூடிய பலகையோ மெல்லியது. ஓரமெல்லாம் ஒட்டியிருப்பதால் சுருங்க இடமில்லை. என்ன செய்யும்? வெடிக்கும்! தந்தியை முறுக்கும் பிருடை மழையில் இறுகிக்கொள்ளும். 24 மெட்டுகளும் மெழுகின் மேல் நிற்பவை. கடும் வெயிலில் மெழுகு இளகினால் சுருதி போச்சு.

திண்டுக்கல் பூட்டுப் போட்டு அலமாரியில் வைத்தாலும் ஈரக்காற்று நுழைந்துவிடும்.

தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு 2013-ல் கிடைத்தது. நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022-ல். அங்கே பழைய வீடுகளில் கிடைக்கும் ஆச்சா மரத்தைத் தேடி வாங்குகிறார்கள். பல்லாண்டு வெயிலும் மழையும் கண்டு பதப்பட்ட மரம் அது.

ஆக, ஈரம் மட்டும் பகையல்ல. திடீர் மாற்றமே பெரும் பகை. மழை விட்டதும் வீணையை வெயிலில் காய வைப்பது வெடிப்பை விலைக்கு வாங்குவதாகும். குளிர்சாதன மண்டபத்திலிருந்து வெளியே வந்ததும் பெட்டியைத் திறக்கக் கூடாது. சற்று நேரம் மூடியே இருக்க வேண்டும். மழைக்காலத்தில் ஈரச் சுவரில் சாய்க்காமல், உள் அறையில் வைப்பது நல்லது.