எச்சரிக்கும் விளக்கும் ஏமாறும் மனமும்



மதுரையில் அம்மாவுக்குக் கண் பரிசோதனையை முடித்துக்கொண்டு ஊர் திரும்பிக்கொண்டிருந்தோம். திருமங்கலத்தைக் கடந்து கள்ளிக்குடியை நெருங்குகையில் எஞ்சினிலிருந்து கடகடவென்று ஓர் ஓசை எழுந்தது. சாலை சரியில்லை போலும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இரண்டு நிமிடம்கூடச் சென்றிராது. வண்டி தானாகவே வேகம் குறைந்து நின்றுவிட்டது. மீண்டும் சாவியைத் திருப்பினேன். 'டொக்' என்று ஒரே ஒரு சத்தம். எஞ்சின் அசையவில்லை.

நான்கு வழிச் சாலையில் லாரிகள் சீறிக்கொண்டு செல்கின்றன. பின்னிருக்கையில் கண்ணில் மருந்து விடப்பட்டிருந்த அம்மா, வெயிலின் கூச்சம் தாளாமல் முந்தானையால் முகத்தை மூடியபடி அமர்ந்திருக்கிறார். அல்லாஹ்வின் அருளால் அவருக்கு ஒன்றும் நேரவில்லை. எஞ்சின்தான் சிக்கி இறுகிப் போயிற்று. மெக்கானிக்குகள் இதனை 'எஞ்சின் சீஸ்' என்பார்கள். மகளின் கல்லூரிக் கட்டணத்திற்கென ஒதுக்கி வைத்திருந்த பணம் அந்த ஒரு பழுதிலேயே கரைந்தது.

இதில் என்னை உறுத்துவது பணமன்று. வண்டி நின்ற அந்தக் கணத்திலும், எதிரே இருந்த பலகையில் எண்ணெய் அழுத்தத்திற்குரிய விளக்கு எரியவே இல்லை. அது எரியாததற்குக் காரணம் நானே!

மூன்று மாதங்களுக்கு முன்பு அந்த விளக்கு அடிக்கடி கண்சிமிட்டத் தொடங்கியது. பிரேக் பிடிக்கும்போது ஒரு முறை, வளைவில் திரும்பும்போது ஒரு முறை. மதரஸாவுக்குச் செல்லும் அவசரத்தில் ஒரு பட்டறையில் நிறுத்தி, 'தம்பி, இந்த விளக்கு கண்ணை உறுத்துகிறது; எரியாமல் செய்துவிடு' என்றேன். கேட்டதை அந்தத் தம்பி செய்து கொடுத்தார். எஞ்சினின் பக்கவாட்டில் இருந்த ஒரு கம்பியைக் கழற்றி, டேப் சுற்றி ஓரமாகச் செருகிவிட்டார். விளக்கு அணைந்தது. என் மனமும் அமைதியடைந்தது. எத்தகைய ஏமாற்று அமைதி அது!

பின்னர் சிவகாசியில் பழைய வண்டிகளுக்கு மின்வேலை பார்க்கும் முதியவர் ஒருவரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. 'பாய், நீங்க வெளக்க அணைக்கச் சொன்னீங்களா, கோளாறச் சரி பண்ணச் சொன்னீங்களா?' என்று மட்டும் கேட்டார். 'விளக்கைத்தான் அண்ணாச்சி' என்றேன். 'அப்ப அந்தப் பய வேலையைச் சரியாத்தான் செஞ்சிருக்கான்' என்றார். அன்று மாலை முழுவதும் அவர் எனக்குப் பாடம் நடத்தினார். கலைக் கல்லூரியில் வரலாறு படித்த எனக்கே விளங்கிய அந்தப் பாடத்தை, பழைய கார் வைத்திருக்கும் குடும்பங்களுக்குப் பயன்படும் என்னும் எண்ணத்தில் இங்கு எழுதுகிறேன்.

அம்பாசடர் உற்பத்தி 2014 மே மாதத்தில் உத்தர்பாராவில் நின்றது. 1983 டிசம்பரில் அறிமுகமான மாருதி 800, 2014 ஜனவரியோடு முடிவுற்றது. எனினும் அவற்றையும் அவற்றை ஒத்த பழைய வண்டிகளையும் நம் பகுதி வீடுகளில் இன்றும் காணலாம். அவற்றின் விளக்குகள் எளியவை. அவற்றைப் புரிந்துகொள்ளப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை.

ஹதீஸ் பாடம் நடத்தும் எவரும் மாணவருக்கு முதலில் சொல்வது, செய்தியை ஏற்பதற்கு முன் அதைக் கொண்டுவந்த அறிவிப்பாளர் தொடரை எடைபோடு என்பதே. வண்டியிலும் அவ்வாறே. எஞ்சினுக்குள் நடப்பதை ஒரு சுவிட்ச் உணர்கிறது. சுவிட்சின் சேதியைக் கம்பி சுமக்கிறது. கம்பியின் சேதியைப் பல்பு நமக்குக் காட்டுகிறது. இத்தொடரில் ஒருவர் பொய்யுரைத்தாலும் பழி எஞ்சின் மீது விழும். ஒருவர் ஊமையானாலோ, எஞ்சின் எரியும்போதும் நாம் நிம்மதியாகச் சென்றுகொண்டிருப்போம்.

ஆகவே முதல் சோதனை விளக்குகளுக்கே. சாவியை ஒரு படி திருப்பி, எஞ்சினை இயக்காமல் நிறுத்துங்கள். எண்ணெய் விளக்கும் பேட்டரி விளக்கும் எரிய வேண்டும். கைப்பிரேக்கை இழுத்தால் பிரேக் விளக்கும் எரிய வேண்டும். எஞ்சின் கிளம்பிய சில நொடிகளில் முதல் இரண்டும் அணைய வேண்டும். தொடக்கத்திலேயே எரியாத விளக்கு நலத்தின் அடையாளம் அன்று. அது ஊமைச் சாட்சி. மூன்று மாதம் ஒவ்வொரு காலையிலும் என் வண்டி இதனை எனக்குக் காட்டிக்கொண்டிருந்தது. நான் பார்க்கவில்லை.

விளக்குகளின் நிறத்திற்கும் பொருள் உண்டு. சிவப்பு என்றால் அபாயம், உடனே கவனி. மஞ்சள் என்றால் கோளாறு, விரைவில் காட்டு. பச்சையும் நீலமும் ஒன்று இயங்குவதைத் தெரிவிப்பவை. இந்தச் சின்னங்களுக்கு உலகப் பொதுத் தரமும் உண்டு, ஐ.எஸ்.ஓ. 2575 என்பது அதன் எண். ஆகையால் எந்த நாட்டு வண்டியிலும் இவை ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும்.

எண்ணெய்ச் செம்பு போன்ற சிவப்புச் சின்னத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். அது எண்ணெயின் அளவைச் சொல்வதில்லை, அழுத்தத்தைச் சொல்கிறது. ஓடும்போது எரிந்தால், அடுத்த ஊர் வரை போய்விடலாம் என்று எண்ணாதீர்கள். ஓரமாக ஒதுக்கி எஞ்சினை அணையுங்கள். ஐந்து பத்து நிமிடம் பொறுத்து, அளவுக் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி செருகி எடுத்துப் பாருங்கள். இரு கோடுகளுக்கும் இடையில் எண்ணெய் இருக்க வேண்டும். குறைந்திருந்தால் ஊற்றிவிட்டு இயக்குங்கள். அப்போதும் சில நொடிகளில் விளக்கு அணையவில்லை எனில் ஓட்டக்கூடாது. கட்டி இழுத்துத்தான் செல்ல வேண்டும்.

எண்ணெய் குறைவாக இருந்தால், வளைவிலும் பிரேக்கிலும் அது ஒரு பக்கம் ஒதுங்குகிறது, பம்பு காற்றை உறிஞ்சுகிறது, விளக்கு சிமிட்டுகிறது. என் வண்டி சொன்னது இதைத்தான். சிறிய கார்களின் எஞ்சின் கொள்வதே ஏறக்குறைய மூன்று லிட்டர் எண்ணெய். அன்றே ஒரு லிட்டர் ஊற்றி, ஒழுகும் இடத்தை அடைத்திருந்தால் கள்ளிக்குடியில் நின்றிருக்க மாட்டோம். மாறாக, அளவு சரியாக இருந்தும், சூடேறிய பின் நின்ற நிலையில் மட்டும் சிமிட்டினால், எண்ணெய் நீர்த்திருக்கலாம்; பேரிங்குகளோ பம்போ தேய்ந்திருக்கலாம்.

சுவிட்சே பொய் சொல்கிறதா என்று அறியவும் வழியுண்டு. சாவியைத் திருப்பி, எஞ்சினை இயக்காமல், சுவிட்சிலிருந்து கம்பியைக் கழற்றினால் விளக்கு அணைய வேண்டும். அணையவில்லை எனில் கம்பி எங்கோ உறை தேய்ந்து உடலில் உரசுகிறது. கழற்றிய கம்பியை எஞ்சினின் வெற்று உலோகத்தில் தொட்டால் விளக்கு எரிய வேண்டும். எரியவில்லை எனில் பல்போ கம்பியோ பழுது. இரண்டும் சரியெனில், சுவிட்ச் இருந்த துளையில் அழுத்தமானியைப் பொருத்தி உண்மையான அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள். அளந்த பிறகே சுவிட்சைப் பழிக்கலாம். சோதனை முடிந்ததும் கம்பியை அதன் இடத்தில் மீண்டும் மாட்ட வேண்டும் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை!

அடுத்தது பேட்டரிச் சின்னம். ஓடும்போது இது எரிந்தால் ஆல்டர்னேட்டர் மின்சாரம் தரவில்லை என்று பொருள். உடனே பானெட்டைத் திறந்து பேன் பெல்ட்டைப் பாருங்கள். பல பழைய வண்டிகளில் அதே பெல்ட்தான் தண்ணீர் பம்பையும் சுழற்றுகிறது. அது அறுந்திருந்தால் எஞ்சின் கொதித்துவிடும், அப்பால் ஓட்டக்கூடாது. பெல்ட் சரியாக இருந்தால், ஏ.சி.யையும் பிற மின்பொருள்களையும் நிறுத்திவிட்டு, பேட்டரியில் உள்ள இருப்பைக் கொண்டு அருகிலுள்ள பட்டறை வரை செல்லலாம்.

மீட்டர் வைத்துப் பார்த்தால், ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை ஏற வேண்டும். ஏறவில்லை எனில் பேட்டரியைக் குறைசொல்லிப் புதிது வாங்குவது வீண்செலவு. மேலும் பல வண்டிகளில், ஆல்டர்னேட்டர் விழித்தெழத் தேவையான முதல் மின்னோட்டமே அந்தச் சிறு பல்பின் வழியாகத்தான் செல்கிறது. பல்பு எரிந்துபோனால் சார்ஜே ஏறாமல் போகலாம். எஞ்சின் ஓடும்போது பேட்டரிக் கம்பியைக் கழற்றிப் பார்ப்பது டைனமோ காலத்துப் பழக்கம். ஆல்டர்னேட்டர் வண்டியில் அவ்வாறு செய்தால் டயோடுகள் கருகிவிடும். எவர் முயன்றாலும் தடுத்துவிடுங்கள்.

வட்டத்திற்குள் ஆச்சரியக்குறி இருப்பது பிரேக் விளக்கு. முதலில் கைப்பிரேக் முழுவதும் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இறங்கியும் எரிந்தால் பிரேக் ஆயில் குப்பியைப் பாருங்கள். ஆயில் குறைந்திருந்தால், பேட் தேய்ந்திருக்க வேண்டும். அல்லது எங்கோ ஒழுக வேண்டும். காரணம் அறியாமல் ஊற்றி நிரப்புவதும் விளக்கை அணைப்பதும் ஒன்றே. பெடல் மெத்தென்று அமிழ்ந்தால் வண்டியை நகர்த்தவே கூடாது.

வெப்பமானியின் முள் சிவப்புக் கோட்டை எட்டினால், நிறுத்தி ஆறவிடுங்கள். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறவாதீர்கள். அழுத்தத்தில் அடைபட்டிருக்கும் நீர் 100 பாகை செல்சியஸைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடி திறந்த கணமே ஆவியாய்ப் பீறிட்டு முகத்தைப் பொசுக்கிவிடும்.

பெட்ரோலை ஊசிமுனை வழியே செலுத்தும் வண்டிகளில் எஞ்சின் வடிவில் ஒரு மஞ்சள் விளக்கு உண்டு. கார்புரேட்டர் வண்டிகளில் இல்லை. நிலையாக எரிந்தால் மெதுவாக ஓட்டிச் சென்று காட்டலாம். விட்டுவிட்டு எரிந்தால் எஞ்சினில் எரிபொருள் சரியாக எரியவில்லை. புகைபோக்கியில் உள்ள விலையுயர்ந்த வினையூக்கிக் கலம் கெட்டுவிடும். பட்டறையில் கருவி கொண்டு படிக்கும் குறியீட்டு எண், கோளாறு எந்தப் பகுதியில் என்றுதான் சொல்லும். எந்தப் பாகத்தை மாற்று என்று சொல்லாது. 'ஆக்சிஜன் சென்சார்' என்று வந்தாலும் குற்றவாளி புகைக்குழாயின் ஓட்டையாக இருக்கக்கூடும். எண்ணை அழித்து விளக்கை அணைப்பவரிடம், என்னிடம் அண்ணாச்சி கேட்ட கேள்வியைக் கேளுங்கள்.

சில வேளைகளில் தொடர்பற்ற விளக்குகள் ஒன்றாக மங்கலாய் எரியும். இண்டிகேட்டர் போட்டால் வேறொன்று சிமிட்டும். அப்போது எதையும் மாற்றுவதற்கு முன், பேட்டரியிலிருந்து உடலுக்கும் எஞ்சினுக்கும் செல்லும் எர்த் கம்பிகளின் முனைகளைக் கழற்றித் துருவைச் சுரண்டி இறுக்குங்கள். நம் பட்டாசு வட்டாரத்தில் எர்த்தின் அருமையை எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. மருந்து அறைக்குள் நுழையுமுன் தரையோடு இணைத்த உலோகத் தகட்டைத் தொட்டு, உடலில் தேங்கிய மின்னைக் கழித்துவிட்டு நுழைவதன் நோக்கம் இங்கு பலருக்கும் தெரியும். தகடு தொல்லை என்று எவரேனும் பெயர்த்தெறிவார்களா? 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்த பட்டாசு ஆலை வெடிவிபத்தை நேரில் அறிந்த மாவட்டம் இது. எச்சரிக்கையின் விலை அறிந்த மண்ணில் வாழ்ந்துகொண்டே, என் வண்டியின் எச்சரிக்கையை நான் டேப் சுற்றி மறைத்தேன் என்பதுதான் வெட்கம்.

தவக்குல் என்ற பெயரால் அலட்சியத்தை மூடி மறைத்தலாகாது. நம்மால் இயன்றதைச் செய்த பிறகே பொறுப்பை இறைவனிடம் ஒப்படைக்கிறோம்.

இப்போது என் வண்டியில் எஞ்சின் பழுது நீங்கியது. கம்பியும் அதன் இடத்திற்குத் திரும்பிவிட்டது. காலையில் மகள் அருகில் அமர்ந்து, சாவியைத் திருப்பியதும், 'அத்தா, எண்ணெய் இருக்கு, பேட்டரி இருக்கு, பிரேக் இருக்கு' என்று எண்ணுகிறாள். மூன்றும் எரிந்து, கைப்பிரேக்கை இறக்கியதும் ஒன்று, எஞ்சின் கிளம்பியதும் இரண்டு என அணைந்த பின்னரே வண்டி தெருவைத் தாண்டுகிறது. நேரம் பத்து நொடிகூட ஆவதில்லை. உங்கள் வீட்டிலும் நாளைக் காலை ஒரு முறை எண்ணிப் பாருங்கள். ஒன்று குறைந்தால் அன்றே பட்டறைக்குச் செல்லுங்கள். சென்று, 'விளக்கு ஏன் எரியவில்லை?' என்று கேளுங்கள்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம்.