பாப்பா எந்தத் தேதியில் பிறந்தாள்?

மக்களே, இந்த வாரம் அரசியலும் இல்லை, சினிமாவும் இல்லை. தேதி பற்றி ஒரு புலம்பல். பி.காம். படித்துவிட்டு வங்கியில் கையெழுத்துப் போடுகிறவனுக்கு புரோகிராமிங்கில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். சொல்கிறேன்.

போன மாதம் ஒரு ராத்திரி, மகளின் நுழைவுத் தேர்வு விண்ணப்பத்தை பிரிண்ட் எடுத்தேன். தங்கமணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தவர் திடீரென்று நிமிர்ந்தார். "ஏங்க, பாப்பா பொறந்தது ஜூன் 1. இதுல மே 31ன்னு இருக்கே?"

வழக்கம்போல நான்தான் தப்பாக அடித்திருப்பேன் என்று திட்டு விழுந்தது. திரும்பத் திறந்து பார்த்தால் திரையில் ஜூன் 1 என்றே இருக்கிறது. பிரிண்டில் மட்டும் மே 31! பத்தாவது மார்க் ஷீட்டில் ஒரு தேதி, ஹால் டிக்கெட்டில் வேறு தேதி என்றால் பரீட்சை வாசலில் என்ன ஆகும்? சொந்த ஊராக இருந்தால் தெரிந்த வாத்தியார் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போகலாம். நாக்பூரில் நமக்கு யார் இருக்கிறார்கள்? திருத்தம் செய்ய இரண்டு நாள்தான் பாக்கி.

பெங்களூரில் பொட்டி தட்டும் அண்ணன் மகனுக்குப் போன் போட்டேன். கேட்டுவிட்டு சிரித்தான். "சித்தப்பா, பாப்பா பொறந்தநாளை அவங்க ஒரு நொடியா மாத்திட்டாங்க."

அவன் விளக்கியது இதுதான். நாம் எழுதும் தேதியைக் கம்ப்யூட்டர் பெரும்பாலும் ஒரே எண்ணாக மாற்றி வைத்துக்கொள்கிறது. 1970 ஜனவரி 1, கிரீன்விச் கணக்கில் நள்ளிரவு 12 மணி. அதிலிருந்து எத்தனை நொடி என்பதுதான் அந்த எண். டைம்ஸ்டாம்ப் என்று பெயர். நான் ஜூன் 1 என்று மட்டும் கொடுத்தேன். நேரம் இல்லாததால் புரோகிராம் தானாகவே நள்ளிரவு என்று வைத்துக்கொண்டது. நம் நேரம் கிரீன்விச்சைவிட ஐந்தரை மணி முன்னால். ஆகவே இங்கே ஜூன் 1 பிறக்கும்போது அங்கே மே 31 மாலை 6:30. பிரிண்ட் எடுக்கும் சர்வர் கிரீன்விச் கணக்கில் ஓடுகிறது. அது தன் காலண்டரைப் பார்த்து மே 31 என்று போட்டுவிட்டது. யாரும் பொய் சொல்லவில்லை, பாப்பாதான் ஒரு நாள் முன்னாடி பிறந்துவிட்டாள்!

இங்கே கொஞ்சம் கொசுவத்தி சுற்றிக்கொள்கிறேன். நான் பிறந்தது ஒரு ஞாயிறு ராத்திரி தாண்டி 2 மணிக்கு. ஜாதகத்தில் ஞாயிறு என்றுதான் இருக்கிறது, ஏனென்றால் பஞ்சாங்கத்துக்கு நாள் பிறப்பது சூரிய உதயத்தில். ஆஸ்பத்திரி சீட்டில் திங்கள். இரண்டும் சரி. எந்தக் கணக்கு என்று தெரிந்தவருக்குக் குழப்பமே இல்லை. எழுதிய தேதி எப்போதும் இப்படித்தான், எழுதியவரின் கணக்கையும் சேர்த்துப் படித்தால்தான் அது தேதி.

ஆபீஸிலும் இதே கூத்து. ஒருமுறை வெளியிலிருந்து கடன் தவணைப் பட்டியல் ஒன்று வந்தது. எக்செலில் திறந்த கம்ப்யூட்டரில் அமெரிக்க முறை, அதாவது மாதம் முதலில். 25/04 என்று இருந்தவை புரியாமல் எழுத்தாக இடது பக்கம் ஒட்டி நின்றன. அதனால் கண்ணில் பட்டன. 05/04 என்றிருந்தவை சமர்த்தாக மே 4 ஆகி, வலது பக்கம் அழகாக உட்கார்ந்திருந்தன. வருடத்தில் இப்படி இரண்டு விதமாகப் படிக்கக்கூடிய நாட்கள் 132. (12 மாதம், 12 தேதி, 144. அதில் 01/01, 02/02 மாதிரி 12ஐக் கழியுங்கள்.) ஏப்ரல் 5க்கும் மே 4க்கும் 29 நாள் வித்தியாசம். 1 லட்சத்துக்கு 9 சதவீதம் என்றால் வட்டி சுமார் 715 ரூபாய். அது யார் தலையில் விழும்?

பி.எச்.பி. மொழியில் தேதியைப் படிக்கும் ஒரு கட்டளைக்கு 05/04/2024 என்றால் மே 4, 05-04-2024 என்றால் ஏப்ரல் 5. சாய்கோடா, சிறுகோடா என்பதை வைத்து மாதமே மாறுகிறது! மனித மரபணுக்களுக்குப் பெயர் சூட்டும் குழு, மார்ச்1, செப்ட்1 போன்ற பெயர்களை எக்செல் தேதியாக்கிவிடுகிறது என்பதற்காக அவற்றை மாற்றியே விட்டது. 2020ல் அதற்கான விதியையும் வெளியிட்டது. விஞ்ஞானிகளே தோற்ற இடம் இது.

அண்ணன் மகன் விடவில்லை. "ஒரே எண்ணா இருந்தா வரிசைப்படுத்த, கழிக்க எவ்வளவு சுலபம் தெரியுமா?" உண்மைதான். பணம் எத்தனை மணிக்குப் போனது என்பதற்கு அதுதான் சரி, ஏனென்றால் அது உலகத்துக்கே ஒரே நொடி. ஆனால் பிறந்தநாள் நொடி இல்லை, நாள். கல்யாண நாளும் தவணைத் தேதியும் அப்படித்தான். அவற்றை வருடம், மாதம், தேதி என்று அப்படியே வைக்க வேண்டும். எந்த வரிசையில் படிப்பது என்று புரோகிராமுக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும். புரியாவிட்டால் ஊகிக்காமல் திருப்பிக் கேட்க வேண்டும். வந்த எழுத்தையும் அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். எங்கள் கிளையில் சந்தேகம் கேட்கும் கிளார்க்கால் ஐந்து நிமிஷம் தாமதமாகும். தானாக ஊகித்துக்கொள்ளும் கிளார்க்கால் ஆடிட்டில் ஐந்து மாதம் தூக்கம் போகும்.

நாமும் யோக்கியமில்லை. சில வருடம் முன்பு ஊருக்குப் போக 14ஆம் தேதி 00:20 ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டு, 14ஆம் தேதி ராத்திரி சாப்பாட்டுப் பொட்டலத்தோடு ஸ்டேஷனுக்குப் போன குடும்பம் எங்களுடையது. ரயில் முந்தின ராத்திரியே போய்விட்டது.

திருத்தம் கடைசி நாள் மாலை ஏறியது. நேரத்தையும் கேட்டால் காலை 10 மணி என்று கொடுங்கள் என்றார் உதவி மையப் பெண். நேரம் கேட்கும் கட்டமே அதில் கிடையாது. கடைசியில் அவர்களே கையால் மாற்றினார்கள். நம்மைப் போல வெளியூரில் இருப்பவர்களின் முகவரியே காகிதம்தான். திரையை நம்பாதீர்கள், பிரிண்டைப் படியுங்கள். முடிந்த இடத்தில் மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். உங்கள் வீட்டில் பொட்டி தட்டும் பிள்ளை இருந்தால் இதைப் படிக்கச் சொல்லுங்கள். அவன் எழுதும் ஒரு வரியில் யார் வீட்டுப் பாப்பாவோ ஒரு நாள் முன்னாடி பிறக்கிறாள்.

பி.கு.: நொடிகளை 32 பிட்டில் எண்ணும் பழைய புரோகிராம்களுக்கு 2038 ஜனவரி 19, நம் நேரம் காலை 8:44:07 தாண்டினால் எண் நிரம்பிவிடும். அன்றைக்கு நான் லீவு. இப்போதே சொல்லிவிட்டேன்.