"வரமாட்டாங்க சார்!"

போன ஞாயிறு ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் ஆரம்பித்தார். "வீடு இல்லாதவங்களுக்கு மாநகராட்சி காப்பகம் திறந்துதான் வெச்சிருக்கு. அவங்கதான் வரமாட்டாங்க சார். பிளாட்பாரம் பழகிடுச்சு." சொல்லிவிட்டு இரண்டாம் முறை பாயசம் வாங்கிக்கொண்டார். எனக்கு இறங்கவில்லை.

பழகிடுச்சாம்! லாரிப் புகையும் கொசுக்கடியும் என்ன, ஊட்டிக் காற்றா?

சென்னைப் பாரிமுனையில் நான் பூ வாங்கும் அம்மா நடைபாதையிலேயே பிறந்தவர். ஒரு அடைமழையில் காப்பகத்துக்குப் போனார். அது பெண்களுக்கானது. கணவரை வேறு பேட்டையில் இருந்த ஆண்கள் காப்பகத்துக்கு அனுப்பினார்கள். பதினாலு வயசுப் பையனுக்குச் சிறுவர் இல்லம். ஒரே குடும்பத்துக்கு மூன்று விலாசம்! அடுப்பை எங்கே வைப்பது, பூக்கூடையை எங்கே வைப்பது? மூன்றாம் நாள் திரும்பிவிட்டார். ஏட்டில் 'தங்க மறுத்தார்' என்று ஏறியிருக்கும்.

சரி, எல்லோரும் வந்துவிட்டால்? ஐந்து லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள நகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு காப்பகமாவது வேண்டும், வருஷம் முழுக்க, 24 மணி நேரமும் என்று உச்ச நீதிமன்றம் 2010இல் சொன்னது. 2011 கணக்கெடுப்பில் சென்னைக்கு 46 லட்சம் பேர். காப்பகம் ஒன்றுக்கு நூறு பேர் என்றே வைத்தாலும் 4,600 பாய். வால்டாக்ஸ் சாலையில் ஒரு ராத்திரி நடைபாதையில் தூங்குகிறவர்களைப் பார்த்தபடி நடந்துவிட்டு வந்து அந்தக் கணக்கைப் பேசுங்கள்.

'வரமாட்டாங்க' என்கிற இந்த ஆசாமிகளேதான், "கண்ணகி நகர்ல வீடு கொடுத்தாலும் விட்டுட்டு வந்துடறாங்க" என்பார்கள். பிழைப்பு பாரிமுனையில், வீடு ஊர்க்கோடியில். நீங்கள் போவீர்களா? என் பூக்காரம்மா விடிகாலைச் சந்தைக்கு எந்த பஸ்ஸில் வருவார்? பேருந்து நிறுத்தத்திலாவது சாயலாமென்றால், யாரும் படுத்துவிடக் கூடாதென்று வழுக்கும் இரும்பு இருக்கை. அதில் உட்கார்ந்த என் முதுகையும் கேட்டுப் பாருங்கள்.

பாயசம் தீர்ந்ததும் இலைக்காரர் தொடர்ந்தார். "எங்க தெருவுலேயே ஒண்ணு கொண்டுவரப் பார்த்தாங்க. அசோசியேஷன்ல கையெழுத்து வாங்கி மனு கொடுத்து நிறுத்திட்டோம்."

"அவங்கதான் வரமாட்டாங்களே, அப்புறம் மனு எதுக்கு சார்?"

மோர்க்காரர் வந்தார். பக்கத்து இலைக்காரர் தன் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.